இடது பக்கத்து இருமல்

என் மாப்பிள்ளை கட்டிய அறைக்குள் ஒருமுறை ஒரு ஈ போய்விட்டது. உள்ளே போனதும் தன் இறக்கைச் சத்தத்தைத் தானே கேட்டிருக்கிறது. இத்தனை காலம் இப்படியா ஊரைப் படுத்தினோம் என்று வெட்கப்பட்டு, இறக்கையை மடக்கிக்கொண்டு, தரையோடு தரையாக நடந்தே வெளியே வந்தது. வாசல் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன், என் செருப்பைச் சுற்றிக்கொண்டு போனது. சந்தேகம் இருப்பவர்கள் என் மகளைக் கேட்கலாம். நான் சொல்லும் எதையும் அவள் நம்புவதில்லை. ஆனால் இதை மறுத்ததும் இல்லை.

அப்படி ஓர் அமைதி. மாப்பிள்ளை ஸ்பீக்கர் வியாபாரி. மேடையில் கட்டிக் கத்தவிடுகிற ரகம் இல்லை. வசதியானவர்கள் கூடத்தில் இரண்டை நிறுத்தி, எதிரே நாற்காலி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்களே, அந்த ரகம். இந்த வியாபாரத்தில் பொருளைப் பெட்டியோடு தூக்கிக் கொடுத்து அனுப்ப முடியாது. வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டும். நேரம் குறித்துக்கொண்டு, தனக்குப் பிடித்த இசைத்தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி இஸ்திரி போட்ட சட்டையில் வருவார். கேட்பார். ஒருமுறை எழுந்து நின்று கேட்பார். "வீட்ல பேசிட்டுச் சொல்றோம்" என்பார். பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சொல்லும் அதே வாசகம், முகமும் அதேதான்.

கடை ஒரு மாடியில் இருந்தது. கீழே சாவி வெட்டுகிறவர். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு லிஃப்ட், ஏறும்போதெல்லாம் முனகும். இந்த இரண்டு சத்தத்தையும் சாகடிக்க மாப்பிள்ளை அறைக்குள் ஓர் அறை கட்டினார். தரை ரப்பர் கட்டைகள்மேல் மிதந்தது. சுவருக்கும் சுவருக்கும் நடுவே கம்பளியும் பஞ்சும் அடைத்து, மேலே துணி இழுத்துத் தைத்தார். கதவை வங்கிப் பெட்டக அறையின் கதவுபோலத் தோளால் தள்ளித்தான் திறக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாற்காலி. எதிரே விற்பனைக்கு இருப்பதிலேயே பெரிய ஜோடி, ஆள் உயரத்துக்கு, வழுவழு மரத்தில். என் மகள் அவற்றுக்குச் சம்பந்திகள் என்று பெயர் வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு மறுநாள் மாதிரி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், தள்ளித் தள்ளி விறைப்பாக நிற்குமாம்.

அந்தச் சம்பந்திகளை நிறுத்தத் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்திருந்தார் மாப்பிள்ளை. அதற்குள் நிறுத்தி, நாற்காலியைப் பார்த்து ஒரு மயிரிழை உள்பக்கமாகத் திருப்புவார். அந்த மயிரிழைக்காக ஒரு பகல் முழுக்கக் குந்தியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஸ்பீக்கர் வியாபாரிகள் அவரைக் 'காது' என்றுதான் சொல்வார்கள். "காது எப்படி இருக்கார்?" என்று என்னிடமே கேட்பார்கள். "ரெண்டும் நல்லா இருக்கு" என்பேன்.

எனக்கும் கடையில் ஒரு வேலை உண்டு. காத்திருப்பது. வருகிறவர் கடை காலி என்று நினைத்துவிடக் கூடாதல்லவா? அதனால் சட்டைப்பையில் பேனா குத்திக்கொண்டு, படம் போட்ட விலைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு, ஒரு ஜோடி வாங்குவதா இரண்டு ஜோடியா என்று யோசிக்கும் பணக்காரனாக வெளி அறையில் உட்கார்ந்திருப்பேன். பல வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

அறை நன்றாக அமைந்துவிட்டது. சனியன் பிடித்ததும் அங்கேதான்.

ஒரு வக்கீல் வந்தார். பாட்டுப் போடுவதற்கு முன்னால் இருந்த அமைதியில் தன் கைக்கடிகாரம் ஓடுவது கேட்டு, எங்கேயோ தாமதமாகிவிட்டது என்று எழுந்து ஓடிவிட்டார். ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்த அமைதியில் அவர் மனசுக்குள் நினைத்தது அந்தம்மா காதில் விழுந்துவிட்டது. வெளியே வரும்போது இருவரும் தனித்தனியாகப் படி இறங்கினார்கள். இவர்களாவது பரவாயில்லை, வாங்காமல் போனவர்கள். வாங்கியவர்கள்தான் எங்களைக் கவிழ்த்தார்கள்.

ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேளுங்கள், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புங்கள் என்பது இந்தத் தொழிலின் வழக்கம். எங்கள் அறையில் கேட்டுக் கண் கலங்கியவர்கள், வீட்டில் பளிங்குத் தரையிலும் கண்ணாடி ஜன்னலிலும் கேட்டு முகம் சுளித்தார்கள்.

"அங்க பாடுன பொம்பள வேற, இங்க பாடுற பொம்பள வேற. ஆள மாத்தி அனுப்பிட்டீங்க" என்றார் ஒரு கட்டட கான்ட்ராக்டர்.

"உங்க கடையில கேட்டா அழுகை வருது. எங்க வீட்ல கேட்டா தலைவலி வருது. தலைவலிக்கு எங்க வீட்ல ஏற்கனவே ஏற்பாடு இருக்கு" என்றார் ஒரு நகைக்கடைக்காரர்.

போன ஜோடியெல்லாம் திரும்பி வந்தது. பின்னாலேயே அதன் சொந்தக்காரர்களும் திரும்பி வந்தார்கள், வாங்க அல்ல, கேட்க. மாப்பிள்ளைக்கு 'வராதீர்கள்' என்று சொல்ல வாய் வராது. நாற்காலியைத் துடைத்துப் போடுவார்.

கம்பெனி ஆள் ஒருநாள் வந்தார். கோட்டு போட்டவர். எங்களிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு கம்பெனியின் டீலர்ஷிப்தான். மற்றவர்கள் முன்பே கைகழுவிவிட்டார்கள். இவர் நாற்காலியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார், உங்க ரூம் பிரமாதம். ஆனா நாங்க ரூம் பிசினஸ்ல இல்ல. இந்த சீசனுக்குள்ள பெரிய ஜோடி ஒண்ணாவது போகணும். இல்லன்னா டீலர்ஷிப்ப மால்ல இருக்கற ஷோரூமுக்குக் குடுத்துருவோம்."

"அங்க வாஷிங் மிஷின் விக்கறாங்களே சார்" என்றார் மாப்பிள்ளை.

"விக்கறாங்கல்ல?" என்றார் கம்பெனி ஆள்.

ஒரு பெரிய ஜோடி போக வேண்டும். போகாவிட்டால் கடையில் விற்க அந்த வாசல் கதவைத் தவிர வேறு எதுவும் இருக்காது. மகள் அன்று சாப்பாடு போடும்போது இதை எங்கள் இரண்டு பேருக்கும் புரியும்படி கரண்டியால் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் வந்தார். நெஞ்சு டாக்டர். ஊரில் பாதிப் பேரின் நுரையீரலை முதுகு வழியாகத் தட்டிப் பார்த்தவர். வெளி அறையில் என்னைக் கடந்து போகும்போதே, "பெரியவரே, மூச்சு வாங்குதே?" என்றார். "விலையப் பாத்தேன், அதான்" என்றேன்.

கையில் ஒரே ஒரு இசைத்தட்டு. ஏதோ ஒரு வயலின் கச்சேரியை அரங்கத்திலேயே பதிவு செய்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். வயலின் இழைந்து இழைந்து மெலிந்து, ஓர் இடத்தில் மூச்சு விடுவதுபோல நின்றது. அந்த இடைவெளியில் யாரோ இருமினார்கள்.

"நிறுத்துங்க. கொஞ்சம் பின்னாடி போங்க" என்றார் டாக்டர்.

மாப்பிள்ளை பின்னால் போனார். மறுபடி வயலின், மறுபடி நிசப்தம், மறுபடி இருமல்.

"அது எங்கப்பா" என்றார் டாக்டர்.

"வாசிக்கறவரா சார்?"

"இல்ல தம்பி, இருமறவர்."

அவர் அப்பாவுக்கு இளைப்பு நோய். அந்தக் கச்சேரிக்குப் போயிருந்தார். இடது பக்கம், மூன்றாவது வரிசை. பாட்டு நடக்கும்போதெல்லாம் அடக்கிப் பார்த்துவிட்டு, சரியாக எல்லாரும் மூச்சைப் பிடித்திருந்த இடத்தில் விட்டுவிட்டார். அரங்கமே திரும்பி முறைத்ததாம். அதன்பிறகு அவர் எந்தக் கச்சேரிக்கும் போகவில்லை.

"வீட்ல அவர் இருமுனா எனக்கு எரிச்சலா வரும். கதவ சாத்திக்கிட்டுப் படிப்பேன். நெஞ்சு டாக்டருக்குத்தான் படிச்சேன்" என்றார். "இப்ப தினமும் இருமல் கேட்டே பொழைக்கிறேன். எந்த இருமலக் கேட்டாலும் யாருதுன்னு சொல்லிடுவேன். வேற ஸ்பீக்கர்ல இது வெறும் சத்தம் தம்பி. இங்கதான் அவர் கர்ச்சீப்ப வாய்ல வெக்கிறது வரைக்கும் கேக்குது."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அந்த மாதிரி நேரத்தில் விலையைச் சொல்லத் தெரிந்தவர் என்றால் நான் ஏன் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்?

டாக்டர் சனிக்கிழமை தவறாமல் வர ஆரம்பித்தார். அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகிற மாதிரி கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். ஒரு வாரம் அவரே சொன்னார்: "எங்க வீட்ல இது இதே மாதிரி கேட்டா, அன்னிக்கே வாங்கிக்கறேன்."

மகள் அன்றைக்குக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பாடு போட்டாள்.

சம்பந்திகளை டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். தூக்கியவர்கள் படியில் ஏறும்போது சொன்ன வார்த்தைகளை நான் இங்கே எழுத முடியாது. எனக்கே சில புதியவை. டாக்டர் வீட்டுக் கூடம் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, கீழே பளிங்கு. மாப்பிள்ளை உள்ளே நுழைந்து ஒரே ஒரு தட்டு கைதட்டினார். அது சுவருக்குச் சுவர் பட்டுத் திரும்பி வந்து அவர் கன்னத்திலேயே விழுந்தது. அப்போதே அவர் முகம் செத்துவிட்டது.

இருமல் வரவில்லை. வயலின் நின்ற இடத்தில், யாரோ டம்ளரை மேஜைமேல் வைத்த மாதிரி 'டொக்' என்று கேட்டது. மாப்பிள்ளை சோபாவை நகர்த்தினார். 'டொக்.' கண்ணாடிமேல் போர்வைகளைத் தொங்கவிட்டார். 'டொக்.' படுக்கையறையிலிருந்து மெத்தையை இழுத்து வந்து சுவரில் சாய்த்தபோது டாக்டரின் மனைவி சமையலறையிலிருந்து வந்து நின்றார்.

"தம்பி, இது வீடா, லாண்டரியா?"

"ஒரு நிமிஷம்மா. அப்பா குரல் வர்ற மாதிரி இருக்கு" என்றார் டாக்டர்.

"மாமா உசுரோட இருந்தப்ப ஒரு டம்ளர் வெந்நீர் எடுத்துக் குடுத்ததில்ல. இப்ப அவர் இருமறதுக்கு மெத்தையெல்லாம் சாத்தறீங்க." அவர் என்னைப் பார்த்தார். "நீங்க பெரியவங்க, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"நான் வாங்க வந்தவன்மா" என்றேன், பழக்கதோஷத்தில்.

டாக்டர் மெத்தையைத் தானே எடுத்து உள்ளே போட்டார். "விடுங்க தம்பி. நான் கடைக்கே வந்து கேட்டுக்கறேன்" என்றார்.

இதோ, மறுபடியும் அதே கதை. கடைக்கே வந்து கேட்டுக்கொள்வாராம்.

மறுநாள் சம்பந்திகளைப் பழைய டேப் அடையாளத்துக்குள் நிறுத்தி, மயிரிழை திருப்பிக்கொண்டிருந்தபோது மகள் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். நானும் உள்ளே இருந்தேன். கதவு திறக்க எனக்குத் தெம்பு இல்லாததால் இருந்தேன்.

"ஏங்க, இந்த ரூமப் பிரிச்சுருங்க."

"என்ன சொல்ற நீ?"

"இங்க ஓசியாக் கெடைக்கற வரைக்கும் எவன் காசு குடுத்து வாங்குவான்? இத வீடு மாதிரி ஆக்குங்க. இங்கயும் 'டொக்'னு கேக்கட்டும். அப்புறம் டாக்டர்கிட்ட சொல்லுங்க. உங்கப்பா வேணும்னா ஜோடிய வாங்குங்க, உங்க வீட்லயே இதே மாதிரி ரூம் நானே கட்டித் தரேன்னு. அவருக்குப் போக்கிடம் இருக்காது, வாங்குவார். கம்பெனிக்காரரும் சனிக்கிழமைதான் வர்றார்."

மாப்பிள்ளை சுவரைத் தடவினார். "கட்டறதுக்கு எவ்ளோ நாளாச்சுன்னு தெரியுமா?"

"தெரியும். எனக்கு அப்பத்தான் முடி நரைச்சுது."

அவர் என்னைப் பார்த்தார். "மாமா, நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் மாப்ள" என்றேன்.

கடைக்கு லீவு விட்டுவிட்டு அவரே பிரித்தார். ஆள் வைக்கச் சொன்னதற்குச் சம்மதிக்கவில்லை. தானே தைத்த சட்டையைப் பிரிக்கிற தையல்காரர் மாதிரி, துணியைத் தையலோடு தையலாக அவிழ்த்து மடித்து வைத்தார். அதற்குப் பின்னால் கம்பளி. இத்தனை வருடம் அந்த அறையில் கேட்ட பாட்டையெல்லாம் குடித்துக் குடித்து அது கனத்துப் போயிருந்தது. ஒரு மூட்டையை நான் தெருவில் கொண்டுபோய்ப் போட்டேன். போட்ட இடத்தில் ஒரு பெண் ஒரே ஒரு அடி பாடியது எனக்கு நன்றாகக் கேட்டது. சாவி வெட்டுகிறவரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

கடைசிச் சுவரைப் பிரித்தபோது உள்ளிருந்த தூசு புகையாக வந்தது. மாப்பிள்ளை அதை முழுக்க நெஞ்சில் வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது இருமல். பக்கத்துக் கட்டட லிஃப்ட் முனகுவதும், கீழே சாவி உரசுவதும் மறுபடி அறைக்குள் வந்து குடியேறின. ஈயும் வந்தது. இந்தமுறை பறந்து வந்தது.

சனிக்கிழமை கம்பெனி ஆள் முதலில் வந்து என் பக்கத்தில் காத்திருந்தார். "நீங்களும் வாங்கற பார்ட்டியா?" என்றார். "ரெண்டு ஜோடி" என்றேன். அப்புறம் டாக்டர் வந்தார். அறையைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார், ஆனால் நாற்காலி அதே இடத்தில் இருந்ததால் உட்கார்ந்துவிட்டார். கம்பெனி ஆள் அவருக்குப் பின்னால் கைகட்டி நின்றார். மகள் கதவோரம். இப்போது கதவு லேசாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை இடது சம்பந்தியின் பக்கத்தில், ஆம்ப்ளிஃபயருக்குக் குனிந்தபடி நின்றார். வயலின் இழைந்தது. மெலிந்தது. நின்றது.

'டொக்.'

டாக்டர் கண்ணைத் திறக்கவில்லை. இமைக்குள்ளே கண்மணி எதையோ தேடுகிற மாதிரி அசைந்தது. அப்பா வீட்டில் இல்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பியதுபோல முகம் ஆகிவிட்டது. மகள் கண்ணைக் காட்டினாள். மாப்பிள்ளை மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஆரம்பித்தார்.

"சார், உங்க வீட்லயே நான் ஒரு ரூம்—"

அதற்குள் இருமல் வந்துவிட்டது. வாடிக்கையாளர் முன்னால் இருமக் கூடாது என்று அடக்கினார். கர்ச்சீப்பை எடுத்து வாயில் வைத்தார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த இடத்தில், இடது பக்கத்திலிருந்து, அடக்கி அடக்கி, ஒரே ஓர் இருமல் வெளியே வந்தது.

டாக்டர் கண்ணைத் திறந்தார்.

"இன்னொரு தடவ."

"இருங்க சார், தட்டப் பின்னாடி வெக்கறேன்—"

"தட்ட நிறுத்துங்க. நீங்க இருமுங்க."

மாப்பிள்ளை இருமினார். கேட்டதற்காக இல்லை, அவரால் நிறுத்த முடியவில்லை. டாக்டர் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி அழுதார். "இதேதான். கர்ச்சீப்பு கூட" என்றார். கதவோரம் என் மகளின் முகத்தில், இத்தனை வருடத்தில் நான் பார்க்காத ஒரு வெளிச்சம் வந்தது. வியாபாரம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள், பாவம்.

டாக்டர் எழுந்து மாப்பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்தார்.

"ரொம்ப தேங்க்ஸ் தம்பி. இனிமே எனக்கு ஸ்பீக்கர் வேணாம்."

அவர் படி இறங்கும் சத்தம் கடைசிப் படி வரைக்கும் அறைக்குள் கேட்டது. கம்பெனி ஆள் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். வெறும் சுவர் சொல்லும் பதிலைச் சுவர் சொன்னது.

"இந்த ரூம்லயா சார் எங்க பொருள வெச்சிருக்கீங்க?" என்றார், உண்மையான வருத்தத்தோடு. "மால்லயே இதவிட நல்லாருக்குமே."

அடுத்த வாரமே வேன் வந்து சம்பந்திகளை ஏற்றிக்கொண்டு போனது. வேனில் ஏற்றியபோதும் ஒன்றையொன்று பார்க்காதபடியே நிறுத்தினார்கள். வெளி அறையில் மகள் இப்போது செல்போன் உறை விற்கிறாள். நான் ஒரு உறை வாங்குவதா இரண்டா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். சாவி வெட்டுகிறவர் ஒன்று வாங்கினார். அதையும் ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மாப்பிள்ளையின் இருமல் நிற்கவில்லை. டாக்டரும் நிற்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் வந்து, காலி அறையில் அந்த நாற்காலியில் உட்காருகிறார். ஒரு தடவை மகள் கேட்டேவிட்டாள்.

"டாக்டர், இவருக்கு ஒரு மருந்து எழுதிக் குடுங்களேன். நெஞ்செல்லாம் வலிக்குதுங்கறார்."

டாக்டர் மாப்பிள்ளையின் முதுகில் காதை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பாட்டுக் கேட்கிறவர் முகம் அது.

"ஒண்ணும் அவசரமில்லம்மா" என்றார். "பாப்போம்."

மகள் டாக்டருக்குத் தெரியாமல் மருந்துக்கடையில் ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். மாப்பிள்ளை அதைத் திறக்கவில்லை.

"மாப்ள, ஏன் இதெல்லாம்? வராதீங்கன்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"அது இல்ல மாமா" என்றார் அவர், யோசனையோடு. "போன வாரம் நான் கொஞ்சம் வலது பக்கம் தள்ளி நின்னுட்டேன்."

இந்த வாரம் நானும் உள்ளே போய்ப் பார்த்தேன். இடது சம்பந்தி நின்ற இடத்தில் தரையில் இன்னும் அந்த டேப் இருக்கிறது. மாப்பிள்ளை இரண்டு காலையும் அதற்குள் வைத்தார். குனிந்து பார்த்தார். நாற்காலியைப் பார்த்து ஒரு மயிரிழை உள்பக்கமாகத் திரும்பினார். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை அடக்கி, கர்ச்சீப்பை வாயில் வைத்து, இருமினார்.

பக்கத்துக் கட்டட லிஃப்ட் முனகிக்கொண்டு ஏறியது.

"இருமல் அதேதான் தம்பி" என்றார் டாக்டர். "ரூம்தான் சரியில்ல."